புதுக் குழல், பழைய விஷம்

காரைக்குடியில் ஓர் ஆலைத் தோழர், வாலிபர், என்னிடம் கேட்டார்: "அண்ணே, பீடியை விடப் பார்க்கிறேன். மின்சார சிகரெட் என்கிறார்களே, புதிதாகப் பழகுகிறவனுக்கு எது தோது?"

எதுவும் தோதில்லை என்றேன்.

அது என்ன சரக்கு? ஒரு பாட்டரி, சூடேறும் கம்பிச் சுருள், நிகோடின் கலந்த திரவம். புகைக்குப் பதில் ஆவி. புகையிலை எரிவதில்லை என்பது மெய்தான். ஆனால் ஆளைப் பிடித்து வைப்பது நிகோடின். அது போகவில்லையே!

லாபம் யாருக்கு? அமெரிக்காவில் மார்ல்பரோ சிகரெட் விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி, 2018 டிசம்பரில் 1,280 கோடி டாலர் கொட்டி, ஜூல் என்ற மின்சார சிகரெட் கம்பெனியில் 35 சதவீதப் பங்கை வாங்கிற்று. பழைய வாடிக்கை நழுவினால் புது வாடிக்கை வேண்டுமல்லவா!

தமிழ்நாடு 2018-லும், இந்திய சர்க்கார் 2019-லும் இதைத் தடை செய்தன. விற்றால் முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கள்ளத்தனமாக வரும் சரக்கில் என்ன கலந்திருக்கிறதென்று கேட்க நாதியில்லை.

தடை சரியே. ஆனால் அது பாதி வேலைதான். சிகரெட் பகிரங்கமாக விற்கிறது. சர்க்காரின் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனே ஐ.டி.சி. கம்பெனியின் பெரிய பங்குதாரர்! பழக்கத்தை விட நினைக்கும் தொழிலாளிக்கு ஆலையிலும் கிராமத்து ஆஸ்பத்திரியிலும் வைத்திய உதவி வேண்டும். அதைச் சங்கம் கேட்க வேண்டும்.

அதுவரை 1800 112 356 என்ற எண்ணில் இலவசமாக யோசனை கேட்கலாம். அந்தத் தோழருக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.