கணினி நம்முடையது, கட்டளை யாருடையது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்த இயங்குதளம் அது. அதற்கு மாற்றாக அந்நிறுவனம் முன்வைக்கும் விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் அண்மைக்காலச் செயலியும் உள்ள கணினிகளை மட்டுமே முறைப்படி ஏற்கும். பழுதின்றி ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளுக்கு அங்கே இடமில்லை. இதனால் உலகெங்கும் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 இறுதியிலேயே மதிப்பிட்டது.

நம் நாட்டில் இந்தச் சுமை யார் தலையில் விழும்? அரசுப் பள்ளி, ஊராட்சி அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், நூலகம் ஆகியவற்றின் மேசைகளில் இருப்பவை பெரும்பாலும் பழைய கணினிகளே. அவை மக்களின் வரிப்பணத்தில் வாங்கப்பட்டவை. அவற்றின் ஆயுளை முடித்துவைக்கும் முடிவோ இந்த நாட்டில் எடுக்கப்படவில்லை. கூடுதல் காலம் பாதுகாப்பு வேண்டும் என்றால் நிறுவனங்கள் ஒரு கணினிக்கு முதலாண்டில் 61 டாலர் செலுத்த வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அது இருமடங்காகும். மூன்றாண்டுகளோடு அந்த வாய்ப்பும் முடிந்துவிடும். கல்வி நிறுவனங்களுக்கு முதலாண்டுக் கட்டணம் ஒரு டாலர்தான். இந்தச் சலுகையைக் கொடை என்று எண்ணுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளியில் ஒரே நிறுவனத்தின் கருவியில் கைபழகிய மாணவர், நாளை அலுவலகத்திலும் அதையே கேட்பார். அன்று விலையைத் தீர்மானிப்பது அந்த நிறுவனமாகவே இருக்கும்.

செலவைக் காட்டிலும் பெரியது கட்டுப்பாடு பற்றிய கேள்வி. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவுக்கு எதிரான தன் தடைப்பட்டியலில், ரோஸ்நெப்ட் நிறுவனம் ஏறத்தாழப் பாதிப் பங்கு வைத்துள்ள நயாரா எனர்ஜியைச் சேர்த்தது. குஜராத்தின் வாடினாரில் ஆண்டுக்கு 2 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை அந்நிறுவனத்துடையது. அடுத்த சில நாட்களில், மைக்ரோசாப்ட் அந்நிறுவனத்துக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளைத் துண்டித்தது. இந்தியச் சட்டம் எதுவும் அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. நயாரா தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. அதன்பின் சேவை மீண்டும் வழங்கப்பட்டது. துண்டிக்கப்பட்டது இணையவழிச் சேவைதான், மேசைக்கணினியின் இயங்குதளம் அன்று. என்றாலும் பாடம் இரண்டுக்கும் பொருந்தும். உரிமம் பெற்றுப் பணமும் செலுத்தி வைத்திருப்பதை, வேறொரு கண்டத்தின் அரசியல் முடிவை ஒட்டி ஒரு தனியார் நிறுவனம் நிறுத்திவிட முடியும். பெரும் நிறுவனமான நயாராவால் வழக்கறிஞர்களை அமர்த்த முடிந்தது. ஒரு மாவட்ட மருத்துவமனைக்கோ மாநகராட்சிக்கோ இப்படி நேர்ந்தால், நீதிமன்றப் படியேறும் வரை அதன் பணிகள் என்னவாகும்?

மாற்று புதியதன்று. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் பின்லாந்தின் மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்து உருவானதே இன்றைய லினக்ஸ் இயங்குதளம். இதை எவரும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம், தம் தேவைக்கேற்பத் திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். பொதுவாகக் கிடைத்ததை எவரும் தனியுடைமையாக்கி அடைத்துவிடாதபடி அதன் உரிமமே காவல் நிற்கிறது. உலகின் முதல் 500 மீக்கணினிகள் அனைத்தும் 2017 முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு பேசிகளுக்கும் லினக்ஸே கரு. அது வல்லுநர்களுக்கு மட்டுமே என்னும் பேச்சு பழைய காலத்தின் மிச்சம்.

கேரளம் இதைச் செயலில் காட்டியிருக்கிறது. அங்கு பள்ளிகளுக்கான ஐடி அட் ஸ்கூல் திட்டம் 2001-02இல் தொடங்கியபோது பாடத்திட்டம் விண்டோஸை ஒட்டியே இருந்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் பொருளைப் பயன்படுத்தக் கற்றுத்தருவது கல்வியாகுமா என்ற கேள்வியை ஆசிரியர் சங்கமும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எழுப்பினர். 2006இல் அமைந்த இடது ஜனநாயக முன்னணி அரசு கட்டற்ற மென்பொருளைத் தன் கொள்கையாக்கியது. ஆசிரியர்களிலிருந்தே பயிற்றுநர்கள் உருவாக்கப்பட்டனர். பாடத்துக்குத் தேவையான செயலிகளைச் சேர்த்துத் தனி இயங்குதளத் தொகுப்பே தயாரானது. 2017இல் இத்திட்டம் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. 2019இல் அதன் புதிய பதிப்பு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு என அறிவிக்கப்பட்டபோது, உரிமக் கட்டணத்தில் மிச்சமாவது 3000 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. பணம் மிச்சமானதோடு, கணினியைத் திறந்து பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த ஆசிரியர் சமூகமும் உருவானது.

ஜெர்மனியின் மூனிக் நகரம் தரும் பாடம் வேறு. 2003இல் அந்நகர மன்றம் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தபோது, மைக்ரோசாப்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர் நேரில் சென்று மேயரைச் சந்தித்தார். நகரம் அசையவில்லை. பத்தாண்டு உழைப்பில் ஏறத்தாழ 15,000 கணினிகள் மாற்றப்பட்டன. பின்னர் அரசியல் தலைமை மாறியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்புவதென மன்றம் வாக்களித்தது. அரசியல் உறுதி தளர்ந்தால் பத்தாண்டு உழைப்பும் வீணாகலாம். இப்போது அதே நாட்டின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் சுமார் 30,000 அரசுக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றும் பணியைத் தொடங்கியுள்ளது.

ஒன்றிய அரசிடம் கொள்கைக்குப் பஞ்சமில்லை. அரசுத் துறைகள் திறந்த மூலநிரலுக்கு முன்னுரிமை தர வேண்டும், தராவிட்டால் காரணம் கூற வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகிறது. பொதுத்துறையின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 முதல் இருக்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளில் விண்டோஸுக்குப் பதிலாக மாயா என்னும் லினக்ஸ் தொகுப்பை நிறுவ முடிவெடுத்ததாக 2023இல் செய்தி வந்தது. பாதுகாப்புத் துறைக்கு ஆபத்தென்று தெரிந்தது, குடிமக்களின் மருத்துவக் குறிப்புக்கும் நில ஆவணத்துக்கும் ஆபத்தாகாதா? தன்னிறைவு என்ற முழக்கத்தின் பேரில் அந்நிய ஏகபோகத்தின் இடத்தில் உள்நாட்டுத் தனியார் ஏகபோகத்தை அமர்த்துவதும் தீர்வாகாது. பூட்டு உள்நாட்டில் செய்யப்பட்டதாக இருக்கலாம். சாவி மக்களிடம் இல்லையெனில் அது பூட்டுத்தான்.

மாற்றத்தில் உள்ள இடர்ப்பாடுகளை மறைக்க வேண்டியதில்லை. கணக்கெழுதும் மென்பொருள்கள் சில விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டவை. சில அச்சுப்பொறிகள் முரண்டுபிடிக்கும். தமிழுக்கெனத் தனிச் சிக்கலும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியாக்கம் வைத்திருந்தது. அந்நாளில் தட்டச்சு செய்த மொழிபெயர்ப்புகளையும் நூல்களையும் அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். சொந்த எழுத்தைப் படிக்கவே இன்னொருவரின் அனுமதி தேவைப்படும் நிலை அது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்ற பின்னரும் அச்சகங்கள் பலவற்றில் பழைய பழக்கம் நீடிக்கிறது. லினக்ஸில் ஒருங்குறித் தமிழும் தமிழ்99 விசைப்பலகையும் இயல்பாகவே கிடைக்கின்றன. பழைய கோப்புகளை மாற்றும் கருவிகளும் உள்ளன. பல மென்பொருள்களின் பட்டியல்களைத் தமிழாக்கியவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். அடைபட்ட மென்பொருளில் நிறுவனம் விரும்பினால்தான் தமிழ் வரும். கட்டற்ற மென்பொருளில் தமிழர் விரும்பினாலே போதும்.

எனவே நாம் வலியுறுத்துவன இவை. லினக்ஸை நிறுவிச் சோதித்துப் பார்க்காமல் எந்த அரசுக் கணினியையும் கழித்துக்கட்டக் கூடாது. அரசின் இணையச் சேவைகளும் வரி, கணக்குப் படிவங்களும் எந்த இயங்குதளத்திலும் இயங்க வேண்டும். ஆவணங்கள் திறந்த வடிவத்தில் சேமிக்கப்பட வேண்டும். 2015ஆம் ஆண்டுக் கொள்கையை எந்தத் துறை எவ்வளவு நிறைவேற்றியது என்பதை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். மாற்றத்துக்கு முன் பயிற்சி தரப்பட வேண்டும். அந்தப் பயிற்சி வேலை நேரத்திலேயே நடக்க வேண்டும். ஒப்பந்த அடிப்படையில் குறைந்த கூலிக்கு உழைக்கும் தரவுப் பதிவாளர்கள் மீது புதிய சுமையாக அது இறக்கப்படலாகாது. அவர்களின் சங்கங்களையும் கலந்தே திட்டமிட வேண்டும்.

இந்தக் கோரிக்கையை எழுப்பும் தொழிற்சங்க, விவசாய, மாணவர், மாதர் அமைப்புகள் தம் அலுவலகங்களிலிருந்தே தொடங்கலாம். மாவட்டத்துக்கு ஒரு பழைய கணினி, கணினி அறிந்த இளந்தோழர் ஒருவர், ஒரு வார இறுதி: தொடக்கத்துக்கு இவை போதும். ஒதுக்கி வைக்கப்பட்ட கணினி மீண்டும் ஓடுவதைக் கண்ணால் கண்டவர்களே அரசிடம் அந்தக் கோரிக்கையை உறுதியோடு வைப்பார்கள்.