நாத்து செத்தா கைராசியைத் திட்டாதீங்க

"எனக்கு செடி வைக்கிற ராசியே இல்லைங்க"ன்னு யாராவது சொன்னா எனக்கு சிரிப்பும் வரும், கோவமும் வரும். மொட்டைமாடியில வச்ச தக்காளி நாத்து மூணே நாள்ல சுருண்டு போனா அதுக்குக் காரணம் பெரும்பாலும் ராசி இல்லை மக்களே, அவசரம்!

நிழல்ல, குழித்தட்டுல வளர்ந்த நாத்தோட இலை மேல இருக்கிற மெழுகுப் படலம் ரொம்ப மெல்லிசு. வெயில்ல வச்சா தண்ணி சட்டுனு ஆவியாயிடும். நடும்போது வேர் வேற கொஞ்சம் அறுபடும். வரவு குறைஞ்சு செலவு கூடினா குடும்பம் என்னத்துக்கு ஆகும்? டெஸ்டிங் பண்ணாத ப்ரோகிராமை கஸ்டமர் தலையில கட்டுற மாதிரிதான் இது :-)

குளிர் நாட்டுக்காரங்க, "கடைசி உறைபனி முடிஞ்சதும் வெளியே வை"ம்பாங்க. அவங்களுக்கு அது சரி. சென்னையில உறைபனிக்கு எங்கே போறது? இங்கே வில்லன் வெயிலும் காத்தும்தான். நாம பழக்க வேண்டியது அதுக்குத்தான்.

முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில். அப்புறம் தினமும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். 7 முதல் 10 நாள் போதும். தண்ணியைக் குறைக்கலாம், வாட விடக்கூடாது. ஆபீஸ் போறவங்க தட்டைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். காலை வெயில் மட்டும் விழுற கிழக்குப் பக்கம் நாலு நாள், நிழல்வலைக்குக் கீழே நாலு நாள். முடிஞ்சது மேட்டர்.

தக்காளிக்கு 25 நாள், கத்தரிக்கு 30-35, மிளகாய்க்கு 35-40ன்னு ஒரு கணக்கு உண்டு. நான் நாளை விட செடியைத்தான் நம்புவேன். நாலஞ்சு இலை, தடிச்ச தண்டு, மண்ணோட கட்டியா வர்ற வேர். இது போதும். நர்சரியில பூவோட நிக்கிற உயரமான நாத்தைத்தான் நம்மாளுங்க பாய்ஞ்சு எடுப்பாங்க. அது பெரும்பாலும் தட்டுலேயே வேர் சுத்தி வயசான கேஸு. குட்டையை எடுங்க.

நடுறது சாயங்காலம். தக்காளித் தண்டை ஆழமாவே புதைக்கலாம், தண்டுலயும் வேர் விடும். கத்தரி, மிளகாய்க்கு பழைய மட்டமே போதும். அக்னி நட்சத்திர வெயில்லயும் ஐப்பசி அடைமழையிலயும் நட வேண்டாம். முள்ளங்கி, கேரட், வெண்டைக்கு இந்த வம்பே இல்லை, நேரா விதைச்சுடுங்க.

ஒரு மாசம் பார்த்துப் பார்த்து தண்ணி ஊத்தினவங்களுக்கு கடைசி பத்து நாள் பொறுமை இல்லாமலா போயிடும்?