கொல்லிமலையில் வெள்ளிலை மரம்

கொல்லிமலையில் காற்று வீசுங்கால், தோட்டத்து மரங்களின் இலைகள் புரண்டு அடிப்புறம் வெள்ளி போல் மின்னுவதைக் காணலாம். அவை சில்வர் ஓக் மரங்களாம். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பிரதேசத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், 19-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்து, பூந்தோட்டங்களுக்கும் சாலைகளுக்கும் அலங்காரமாகவும், தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நிழலாகவும் பரவிற்று. இம்மலையில் மிளகுக் கொடி படர்வதற்கும் இதுவே பெரிதும் நடப்படுகிறது.

குடியானவர்கள் இதனை விரும்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. மரம் விரைவாகவும் நேராகவும் வளர்கிறது. முதிர்ந்தபின் மரமாகவும் விலை போகிறது. மேலும், முன்னர் கொடிக்காக நட்ட கலியாண முருங்கையை, இலையிலும் தண்டிலும் முடிச்சுகளை உண்டாக்கும் ஒரு சிறு குளவி, 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து தென்னிந்தியாவில் வெகுவாகக் கெடுத்தது.

ஆயினும், லாபம் கருதிச் சாமையும் கேழ்வரகும் விளையும் நிலத்திலும் இம்மரத்தையே நிரப்புவது விவேகமாகாது. மரம் ஓங்கினால் அதன் அடியில் தானியம் விளையாது. உதிர்ந்த இலையும் மெதுவாகவே மக்கும். மரவள்ளி வந்தபோதே சிறுதானிய நிலம் பெரிதும் சுருங்கிவிட்டது. சில வருஷங்கள் விதைக்காமல் விட்ட நாட்டு விதை, வீட்டுக் குதிரிலிருந்தே மறைந்துபோம். அவ்விதைகளைக் காப்பதற்காக எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இம்மலையில் பாடுபட்டு வந்திருப்பதே இழப்பின் அளவைக் காட்டும். மிளகின் விலை சரிந்த வருஷத்தில் குடும்பத்திற்குச் சோறிடுவது சாமையேயன்றி வெள்ளிலை அன்று.

ஆகையால், சில்வர் ஓக் மரத்தை மிளகு, காப்பித் தோட்டங்களிலும் நிலத்தின் வரப்போரங்களிலும் மட்டும் வைப்பதே நலம். அங்கும் இடையிடையே பலா முதலிய மரங்களைக் கலந்து வைத்தால், ஒரு மரத்திற்கு நோய் வந்தாலும் தோட்டம் முழுதும் பாழாகாது. கலியாண முருங்கைக்கு நேர்ந்தது இதற்குப் போதிய பாடம்.

வளர்க்கும் முறை வருமாறு: விதை நாளாக நாளாக முளைப்புத் திறனை இழப்பதால், புதிய விதையையே நாற்றங்காலில் தூவுதல் வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில், ஏறத்தாழ 3 மீட்டர் இடைவெளியில் கன்றுகளை நட்டு, முதல் இரண்டு கோடைகளில் அடியில் தழை மூடாக்கு இடுக. கன்று 2 அல்லது 3 வருஷம் வளர்ந்த பின்னரே, அதன் வடக்குப் புறத்தில், அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி மிளகுக் கொடியை நடுதல் நலம். தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் கொடியைக் கொல்லுமாகையால், வடிகால் மிக அவசியம். ஆண்டுதோறும் மழைக்கு முன் பக்கக் கிளைகளைக் கழித்து, அத்தழையை மூடாக்காக இடுக.

அழகுக்காக வீட்டருகே வைப்போர், கூரையிலிருந்து தள்ளி வைத்தல் வேண்டும். இதன் கிளை பலத்த காற்றில் எளிதில் முறியும்.

வெள்ளிலை மரம் வேண்டாமென்பதன்று. அது தோட்டத்தில் நிற்கட்டும். சாமைக்காடு சாமைக்கே இருக்கட்டும்.