சங்கிலியை அவிழ்த்துப் பாருங்கள்

வீடு தரிசிப்புக்காகச் சென்ற ஒரு வீட்டில், படலையடியில் கட்டியிருந்த நாய் சங்கிலி அறுந்துவிடுமோ என்னும்படி என்மேல் பாய்ந்தது. உடம்பு கொழுத்து, நகங்கள் வளைந்திருந்தன.

"இரண்டு வருசமாக் கட்டித்தான் வைச்சிருக்கிறன், பிள்ளை. இப்ப பேரனையும் கடிக்கப் பாக்குது. சந்தையடியில கொண்டுபோய் விடப்போறன்" என்றார் அந்த அம்மா.

ஓடவும் மோப்பம் பிடிக்கவும் பிறந்த பிராணி அது. நாள் முழுவதும் கட்டிவைத்தால் உடம்பு பருக்கும். அடங்கிக் கிடக்கும் வேகம் சீற்றமாக வெளிவரும்.

அம்மாவுக்கோ நீரிழிவு. நடக்கும்படி கிளினிக்கில் சொல்லியும், ஒழுங்கையில் தனியே நடக்கக் கூச்சம். "இரண்டு பேருமாக நடவுங்கோ" என்றேன்.

முதலில் படலையைப் பூட்டி வளவுக்குள் பத்து நிமிடம். பழகியபின் கயிற்றில் பிடித்தபடி வீதியில், மெல்ல மெல்ல அரை மணித்தியாலம் வரை. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது; ஆகவே வெயிலேறுமுன் நடக்க வேண்டும். தார் வீதியில் உங்கள் புறங்கையை வைக்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. சாப்பிட்ட கையோடு ஓடவிடாதீர்கள். நொண்டினால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசியை வருடாவருடம் போடுங்கள். எவ்வளவு சாதுவானாலும் சிறுபிள்ளையை நாயுடன் தனியே விடாதீர்கள்.

சென்ற கிழமை மீண்டும் போனேன். நாய் குரைத்தது, பாயவில்லை.

"விடிய நான் படுத்திருந்தாலும் இது விடுதில்லை, பிள்ளை" என்று அம்மா அலுத்துக்கொண்டார். சந்தையடிக் கதையை அவர் எடுக்கவேயில்லை.