கொன்றவன் அறை எது?

மதுரை கே.கே. நகரிலிருந்து மாணவிகளோடு பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருந்தேன். தக்கலைக்கு அருகே, குமரி மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள அரண்மனை. 1993இல் ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தின் ஒரு பகுதி இங்கே எடுக்கப்பட்டது. நம் ‘சந்திரமுகி’க்கு மூலம் அதுதான். உள்ளே நுழைந்ததுமே பிள்ளைகள் கேட்டார்கள்: “நாகவல்லி அறை எது?”

கொன்றவன் அறை எது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

கதையை நேராகச் சொல்லிப் பார்ப்போம். தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆடல்மகளைக் கொண்டுவருகிறார் பெரிய வீட்டுத் தலைவர். அவள் வேறொருவனை விரும்புகிறாள். அவர் அவளைக் கொல்கிறார். இது பேய்க்கதை அல்ல, கொலை. ஆனால் கொன்றவர் குடும்பத்து மூதாதை, கொல்லப்பட்டவள் பேய்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலையாளத்தில் அவள் தமிழச்சி. கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் (2004) நம் ‘சந்திரமுகி’யிலும் (2005) தெலுங்குக்காரி. இந்தி ‘பூல் புலய்யா’வில் (2007) வங்காளி. எந்த மொழியில் எடுத்தாலும் சலங்கை கட்டுபவள் அடுத்த ஊர்க்காரி. நம் வீட்டுப் பெண் ஆடமாட்டாள், ஆசைப்படமாட்டாள், ஆத்திரப்படமாட்டாள். அப்படி நடந்தால் அவளுக்குள் வேறொருத்தி புகுந்திருக்க வேண்டும். மருத்துவர் வர வேண்டும்.

அந்த மருத்துவமாவது என்ன? கொன்றவன் இவன்தான் என்று அவளை நம்பவைத்து, ஒரு பொம்மையைக் கொடுத்துப் பழிதீர்க்க விடுகிறார்கள். அவள் கேட்டது நீதி, கிடைத்தது பொம்மை. நாம் கைதட்டினோம்.

“வெறும் சினிமாதானே அம்மா?” என்றாள் ஒரு மாணவி. வெறும் சினிமா என்றால் அறையைத் தேடி இவ்வளவு தூரம் ஏன் வந்தோம்?

அவளை நவராத்திரி மண்டபத்துக்கு அழைத்துப்போனேன். கண்ணாடிபோல் மின்னும் அந்தக் கருந்தரையில் உண்மையான பெண்கள் ஆடியிருக்கிறார்கள். அரண்மனைப் பெண்கள் மரத்தடுப்பின் துளைகள் வழியே மறைந்திருந்து பார்த்திருக்கிறார்கள். ஒருத்தி எல்லோர் கண்ணுக்கும் முன்னால். மற்றவள் யார் கண்ணிலும் படாமல். இருவருக்கும் இடம் குறித்தவர்கள் ஆண்கள். இந்த இருவரும் ஓர் உடலில் சந்தித்துக்கொண்டால் அதற்குப் பேய் என்று பெயர் வைக்கிறது சினிமா.

படப்பிடிப்பு நடந்த இடங்களைப் பார்க்கப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவளுடைய அறையைத் தேடும்போது அவனுடைய அறையையும் கேளுங்கள். நாம் கேட்காதவரை அவன் அந்த வீட்டின் பெரியவராகவே இருப்பான்.