ஊசியை ஒளிக்காதே, தம்பி!



சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் போய்க் கொண்டிருந்தேன். எதிர் சீட்டில் ஒரு பாட்டியும் பேரனும். பேரனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். கையில் இரண்டு நீள ஊசிகள். மடியில் மஞ்சள் நிறக் கம்பளி நூல் பந்து. தலை நிமிராமல் பின்னிக் கொண்டிருந்தான்.

"என்ன தம்பி பின்றே?" என்று கேட்டேன்.

"எங்க சித்திக்குப் பாப்பா பிறக்கப் போகுது அங்கிள். அதுக்குத் தொப்பி. மூணு தடவை தப்பாப் போய்ப் பிரிச்சுட்டேன். இது நாலாவது!"

"லீவுல பொழுது போகலைன்னு என்கிட்ட கத்துக்க உட்கார்ந்தான். இப்ப சாப்பிடக் கூப்பிட்டாக்கூட, 'இந்த வரிசையை முடிச்சுட்டு வரேன் பாட்டி'ங்கறான்" என்று சிரித்தார் பாட்டி.

பல்லாவரத்தில் ரயில் நின்றது. கிரிக்கெட் மட்டையும் கையுமாக நான்கு பையன்கள் ஏறினார்கள். அவ்வளவுதான்! ஊசியும் நூலும் கண்மூடித் திறப்பதற்குள் பைக்குள் போய்விட்டன. பையன் முகம் சிவந்துவிட்டது. அவர்கள் அவனுடைய வகுப்பு நண்பர்களாம். அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அவசரமாகத் திணித்ததில் எத்தனை கண்ணி நழுவியதோ, பாவம்!

எனக்கு மனசே சரியில்லை. ஏன் தெரியுமா? ஆறாம் வகுப்பு படிக்கும்போது நானும் அதைத்தான் செய்தேன். அம்மாவிடம் ஆசையாக மப்ளர் பின்னக் கற்றேன். "பொம்பளப் புள்ள மாதிரி பின்றான்டா" என்று ஒருத்தன் சொன்னான். அன்றோடு ஊசியைக் கீழே வைத்தவன்தான். அந்த மப்ளர் அரை முழத்தோடு நின்று போனது. கேலி செய்தவனுக்கு அது மறுநாளே மறந்திருக்கும். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் இந்த வாரம் அந்தத் தம்பிக்காகவும், அவனைப் போல ஒளித்து வைக்கும் எல்லாருக்காகவும் எழுதுகிறேன்.

ரயிலில் ஏறிய அந்த நான்கு பேரும் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? டி-ஷர்ட்! அது பின்னிய துணி. நம்ப முடியவில்லையா? ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் பள்ளிச் சட்டையை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். நீளாது. பனியனை இழுங்கள். நீளும், விட்டதும் சுருங்கும். ஏன் இந்த வித்தியாசம்?

சட்டைத் துணி தறியில் நெய்தது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலும், குறுக்கே ஓடும் ஊடை நூலும் நேர்கோடாகக் கிடக்கின்றன. இழுத்தால் போக இடமில்லை. பனியனோ வளைய வளையமாகப் பின்னியது. இழுக்கும்போது வளையங்கள் வாய் திறந்து இடம் கொடுக்கின்றன. பூதக்கண்ணாடி இருந்தால் பனியனின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். மல்லிகைச் சரம் தொடுத்ததுபோல, குட்டிக் குட்டி அம்புக்குறிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். அந்தத் தம்பியின் மஞ்சள் தொப்பியிலும் இதே வளையங்கள்தான். அவனுடையது பெரிது, பனியனில் இருப்பது பொடிசு. அவன் கையால் பின்னினான், இதை இயந்திரம் பின்னியது.

அந்த இயந்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. 1589ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார், கையால் பின்னுவதைப் பார்த்து, காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தார். அதிலிருந்து படிப்படியாக வளர்ந்ததுதான் இன்றைய பின்னல் இயந்திரங்கள். நம் திருப்பூருக்குப் 'பனியன் நகரம்' என்று பெயர் வந்ததும், பல லட்சம் குடும்பங்கள் பின்னலாடைத் தொழிலில் பிழைப்பதும், அந்த வளையத்தின் புண்ணியம்தான். கேலி செய்ய வாய் திறப்பதற்கு முன், போட்டிருக்கும் பனியனை ஒரு முறை தொட்டுப் பாருங்கள் பசங்களா!

'பின்னுவது பெண்கள் வேலை' என்பதும் தப்பு. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் டிட்டிகாகா ஏரியில் டக்கீலே என்று ஒரு தீவு. கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டருக்கு மேல் உயரம். குளிர் வாட்டி எடுக்கும். அங்கே தொப்பி பின்னுவது ஆண்கள்தான்! சிறு பையன்களாக இருக்கும்போதே கற்றுக் கொள்கிறார்கள். டக்கீலே மக்களின் துணிக் கலையை உலகப் பாரம்பரியக் கலைகளில் ஒன்றாக யுனெஸ்கோ 2005ல் அறிவித்தது.

2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் டைவிங் போட்டியில் தங்கம் வென்றார் பிரிட்டன் வீரர் டாம் டேலி. அடுத்த சில நாட்களில் அவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து என்ன செய்தார் தெரியுமா? பின்னிக் கொண்டிருந்தார்! உலகமே டிவியில் பார்த்தது. தங்கப் பதக்கத்தில் கீறல் விழக் கூடாது என்று அதற்கு ஒரு குட்டிப் பையும் பின்னியிருந்தார். அவர் ஒளிக்கவில்லையே!

"சென்னை வெயிலில் கம்பளி எதற்கு?" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்விதான். நம் ஊருக்குப் பருத்தி நூல் இருக்கிறதே! தண்ணீர் பாட்டிலுக்கு உறை, பென்சில் பை, அம்மாவுக்குக் கடைக்குப் போகும் பை எல்லாம் பின்னலாம். கம்பளிக்கும் வேலை உண்டு. பிறந்த குழந்தையின் உடம்பு சீக்கிரம் சூடு இழந்துவிடும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்குத் தொப்பி மாட்டுகிறார்கள்.

ஒற்றைக் கொக்கி ஊசியால் செய்வதற்குக் 'குரோஷா' என்று பெயர். பின்னலுக்குத் தங்கை முறை. 2016 ஜனவரி 31ல், சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் சென்னையில் பிரமாண்டமான குரோஷா போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர்! ஒன்றரைக் கால்பந்து மைதானத்தை மூடிவிடலாம். அவ்வளவு பெரிய போர்வையும், யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து போட்ட ஒரு கண்ணியில்தானே ஆரம்பித்திருக்கும்?

சரி, எப்படித் தொடங்குவது? ஒரு ஜோடி 4 மில்லி மீட்டர் ஊசி, ஒரு பந்து நூல் போதும். வெளிர் நிறமாக வாங்குங்கள். கண்ணிகள் தெளிவாகத் தெரியும். முதலிலேயே ஸ்வெட்டருக்கு ஆசைப்பட வேண்டாம். 20 கண்ணி ஏற்றி, உள்ளங்கை அளவு சதுரம் பின்னுங்கள். 'நிட்', 'பர்ல்' என்று இரண்டே இரண்டு கண்ணிதான். கம்ப்யூட்டர் 0, 1 என்ற இரண்டை வைத்து எல்லாம் செய்வதுபோல, இந்த இரண்டை மாற்றி மாற்றிப் போட்டே எத்தனையோ டிசைன் வந்துவிடும்.

கணக்கும் தானாக வரும். உங்கள் சதுரத்தில் 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி இருக்கிறது என்று வையுங்கள். பிறந்த பாப்பாவின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. அப்படியானால் தொப்பிக்கு எத்தனை கண்ணி? 70! தொப்பி கொஞ்சம் பிடித்து நிற்க இரண்டு, மூன்றைக் குறைத்துக் கொள்ளலாம்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். முனையுள்ள ஊசி. தம்பி, தங்கை பாப்பாக்கள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வகுப்பில் டீச்சர் பாடம் நடத்தும்போது எடுக்காதீர்கள்!

பின்னலில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். துணியைத் தப்பாக வெட்டினால் வெட்டியதுதான். பின்னல் அப்படி இல்லை. ஒரு கண்ணி நழுவினால் ஏணிபோல் கீழே இறங்கிக் கொண்டே போகும், பயமாக இருக்கும். ஆனால் பிரித்தால் நூல் நூலாகவே இருக்கும். ஒரு அங்குலம்கூட வீணில்லை. மறுபடி பின்னலாம். மூன்று முறை பிரித்துவிட்டு நான்காம் முறை உட்கார்ந்தானே அந்தத் தம்பி, அவனுக்கு இது புரிந்துவிட்டது. பரீட்சையில் ஒரு முறை மார்க் குறைந்தாலே சோர்ந்து போகிறோமே, நமக்கும் இது புரிய வேண்டாமா?

குரோம்பேட்டைத் தம்பி! உன் ஊர்ப் பெயர் எப்படி வந்தது என்று பாட்டியிடம் கேட்டுப் பார். அங்கே இருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்த பெயர் அது. குரோமியம் உப்பால் தோல் பதனிடும் கைத்தொழில். அந்தப் பெயரைச் சொல்ல யாராவது வெட்கப்படுகிறார்களா? உன் கைத்தொழிலுக்கு நீ ஏன் வெட்கப்பட வேண்டும்?

அடுத்த முறை பல்லாவரத்தில் நண்பர்கள் ஏறினால், ஊசியைப் பைக்குள் போடாதே. "நீயும் ஒரு வரிசை போட்டுப் பார்க்கிறாயா?" என்று கேள். நானும் என் அரை முழ மப்ளரைத் தேடி எடுத்துவிட்டேன். எல்லாம் மறந்து போச்சு. பிரித்து, முதல் கண்ணியிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு என் வாழ்த்தைச் சொல்!

அன்புடன்,
ஆசிரியர்