கார்னர் என்றால் கலக்கம் ஏன்?

பூந்தமல்லிப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்கள் பந்து ஆடும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கோஷ்டி பிரமாதமாக ஆடிக்கொண்டிருக்கும். பந்தை அழகாகக் கடத்துவார்கள். எதிரியைக் கிட்டே வர விடமாட்டார்கள். திடீரென்று பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போகும். நடுவர் மூலையை நோக்கிக் கையைக் காட்டுவார்.

கார்னர்!

அவ்வளவுதான். அதுவரை புலியாக நின்ற பையன்கள் பூனையாகி விடுவார்கள். மூலையிலிருந்து பந்து பறந்து வரும். ஐந்தாறு பேர் எழும்பிக் குதிப்பார்கள். யார் தலையில் பட்டது என்றே தெரியாது. பந்து வலைக்குள் கிடக்கும். (வலை கட்டியிருந்தால்! இல்லாவிட்டால் பின்னால் உள்ள முள் செடியில் கிடக்கும்.)

உடனே பத்துப் பேரும் ஒருவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். கோல் கீப்பரை!

"என்னடா, தூங்குறியா?" என்று கூச்சல் கிளம்பும். பெரும்பாலும் அவன்தான் கோஷ்டியிலேயே சின்னப் பையனாக இருப்பான். "உனக்கு ஓடத் தெரியாது, நீ கோலில் நில்" என்று நிறுத்தப்பட்டவன். நாலு ஞாயிறு இப்படித் திட்டு வாங்கினால், ஐந்தாவது ஞாயிறு அவன் வரமாட்டான்.

ஆனால், கார்னரில் கோல் விழுவதற்குப் பெரும்பாலும் அவன் காரணம் அல்ல. உண்மையான காரணம் வேறு.

பெங்களூரில் நடந்தது

இது சின்னப் பையன்களுக்கு மட்டும் வரும் வியாதி அல்ல. சம்பளம் வாங்கி ஆடும் பெரிய ஆட்டக்காரர்களுக்கும் வருகிறது.

2018-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி. பெங்களூர் கண்டீரவா மைதானம். ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதிப் பந்தயம். மோதியவர்கள் பெங்களூர் கோஷ்டியும் நம்முடைய சென்னையின் எப்.சி. கோஷ்டியும்.

சென்னையின் எப்.சி.க்குச் சொந்த மைதானம் நேரு ஸ்டேடியம். பூந்தமல்லியில் பஸ் ஏறி, பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கிழக்கே போனால், ரோடு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அன்று ஆட்டம் எதிரியின் வீட்டில்! லீக் ஆட்டங்களில் பெங்களூர் 40 பாயிண்டு எடுத்து முதல் இடம். சென்னைக்கு 32 பாயிண்டுதான். பெங்களூர் கோலில் நின்றவர் குர்பிரீத் சிங் சந்து. இந்தியாவின் கோல் கீப்பர். ஆறடியைத் தாண்டிய உயரம்.

9-வது நிமிஷத்தில் பெங்களூர் தலைவர் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். மைதானமே அதிர்ந்தது.

17-வது நிமிஷம். சென்னைக்குக் கார்னர். நெல்சன் பந்தைத் தூக்கி அடித்தார். பிரேசில்காரர் மெயில்சன் ஆல்வ்ஸ் எழும்பினார். தலையால் ஒரு முட்டு. கோல்!

45-வது நிமிஷம். மறுபடியும் கார்னர். மறுபடியும் நெல்சன். மறுபடியும் மெயில்சன். மறுபடியும் தலை. கோல்!

மெயில்சன் முன்னால் நின்று கோல் போடுகிறவர் அல்ல. பின்னால் நின்று தடுக்கிறவர். ஒரு முறை அடிபட்ட பெங்களூர், அதே ஆளை அதே இடத்தில் மறுபடியும் விட்டுவிட்டது. பிறகு ரபேல் அகஸ்டோ மூன்றாவது கோலைப் போட்டார். கடைசி நேரத்தில் பெங்களூர் இன்னொரு கோல் போட்டும் பயன் இல்லை. 3-2 என்று சென்னை ஜெயித்துக் கோப்பையைக் கொண்டு வந்தது.

நமக்குச் சந்தோஷம்தான். ஆனால் பெங்களூரின் நிலையில் இருந்து கொஞ்சம் யோசியுங்கள். வருஷம் முழுக்க முதலில் நின்ற கோஷ்டி, இரண்டு கார்னரில் கோப்பையைப் பறிகொடுத்தது. உயரமான கோல் கீப்பர் இருந்தார். கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். என்ன குறை?

இரண்டு கண், இரண்டு வேலை

குறை உயரத்தில் இல்லை. கண்ணில் இருக்கிறது!

ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பந்தும் எதிரியும் பெரும்பாலும் நமக்கு முன்னால் இருக்கும். ஒரே பார்வையில் இரண்டும் தெரியும். கார்னரில் அப்படி அல்ல. பந்து ஒரு மூலையில் இருக்கும். நாம் பிடிக்க வேண்டிய ஆள் வேறு பக்கம் நிற்பான். பந்தைப் பார்த்தால் ஆள் நழுவுவான். ஆளைப் பார்த்தால் பந்து வருவது தெரியாது. மூலையிலிருந்து அடித்த பந்து கோல் முன்னால் வந்து சேர இரண்டு வினாடி ஆனால் அதிகம். அதற்குள் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்!

அடிக்கிற கோஷ்டிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. பந்து எங்கே விழப்போகிறது என்று அவர்கள் முன்பே பேசி வைத்திருப்பார்கள். நெல்சன் கையைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று மெயில்சனுக்குத் தெரியும். தடுக்கிறவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. வருகிறவன் ஓடி வந்து குதிக்கிறான். தடுக்கிறவன் நின்ற இடத்திலிருந்து குதிக்கிறான். வீட்டில் வேண்டுமானால் பரீட்சை செய்து பாருங்கள். நின்றபடி எகிறிச் சுவரைத் தொடுங்கள். பிறகு நாலு எட்டு ஓடி வந்து எகிறித் தொடுங்கள். எது மேலே போகிறது?

சட்டமும் எதிரி பக்கம்தான். ஓடுகிற ஆட்டத்தில் எதிரி நமக்குப் பின்னால் பதுங்கி நின்றால் "ஆப்சைடு" என்று கொடி தூக்குவார்கள். கார்னர் பந்து நேராக வரும்போது ஆப்சைடு கிடையாது. கோல் கீப்பரின் மூக்குக்கு முன்னாலேயே ஒருவன் வந்து நிற்கலாம். பாவம், அவர் எப்படி வெளியே வந்து பந்தைப் பிடிப்பார்?

கோல் வாயின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. அந்த வாயை மறைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் தள்ளுமுள்ளு நடத்துகிறார்கள். அத்தனைக்கும் நடுவில் நிற்கும் ஒரே ஆளைத்தான் நாம் திட்டுகிறோம்.

ஆள் காவலா, வாசல் காவலா?

தடுப்பதில் இரண்டு விதம் உண்டு. ஆளுக்கு ஒரு எதிரியைப் பிடித்துக்கொள்வது ஒன்று. இது ஆள் காவல். ஆளுக்கு ஓர் இடத்தைக் காப்பது இன்னொன்று. இது வாசல் காவல்.

ஆள் காவலில் ஒரு தொல்லை. எதிரிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவார்கள். ஒருவன் குறுக்கே நின்று உங்களை மறிப்பான். அதற்குள் உங்கள் ஆள் ஓடிவிடுவான். வாசல் காவலிலும் தொல்லை உண்டு. "இது என் இடம் இல்லை" என்று இவன் நினைப்பான். "இது என் இடம் இல்லை" என்று அவன் நினைப்பான். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழும். கூட்டுக் குடும்பத்தில் தண்ணீர்க் குழாயை மூடாமல் விடுகிற கதைதான்!

ஆகவே பெரிய கோஷ்டிகள் இரண்டையும் கலக்கின்றன. மூன்று நான்கு பேர் கோலுக்கு முன்னால் இடத்தைக் காக்கிறார்கள். மற்றவர்கள் எதிரியின் நல்ல தலைக்காரர்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். எந்த முறை சிறந்தது என்று பயிற்சியாளர்கள் விடிய விடியச் சண்டை போடுவார்கள். எந்த முறையானாலும் சரி, எல்லாரும் ஒரே முறையில் நிற்க வேண்டும். பாதிப்பேர் ஆளையும் பாதிப்பேர் இடத்தையும் தோன்றியபடி பார்த்தால் கோல் நிச்சயம்.

"தலையால் முட்டத் தெரிந்த உயரமான ஆளைப் பிடித்தால் போதும்" என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. 1998-ம் ஆண்டு உலகக் கோப்பை இறுதிப் பந்தயத்தில் பிரேசிலைப் பிரான்சு 3-0 என்று தோற்கடித்தது. முதல் இரண்டு கோலும் கார்னரில் வந்தவை. இரண்டையும் தலையால் போட்டவர் ஜிடேன். அவர் காலால் மாயம் செய்கிறவர் என்றுதான் உலகம் அறியும். அவர் தலையை யாரும் சட்டை செய்யவில்லை!

திரும்பி நின்ற பார்சிலோனா

கார்னரில் எல்லாவற்றையும் விட ஆபத்தானது அஜாக்கிரதை. பந்து வெளியே போனதும் மனசும் வெளியே போய்விடுகிறது. "அப்பாடா" என்று மூச்சு விடுகிறோம். பக்கத்து ஆளைத் திட்டுகிறோம். காலுறையை இழுத்து விடுகிறோம்.

2019-ம் ஆண்டு மே 7-ந் தேதி. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரம். பார்சிலோனா கோஷ்டி வந்திருந்தது. மெஸ்ஸி ஆடிய கோஷ்டி. முதல் ஆட்டத்தில் 3-0 என்று ஜெயித்துவிட்டு வந்திருந்தார்கள். இந்த ஆட்டத்தில் லிவர்பூல் மூன்று கோல் போட்டுக் கணக்கைச் சமம் செய்துவிட்டது.

79-வது நிமிஷம். லிவர்பூலுக்குக் கார்னர். பந்து எடுத்துப் போடும் சிறுவன் சட்டென்று பந்தை உருட்டிவிட்டான். அலெக்சாண்டர் ஆர்னால்டு என்ற 20 வயது இளைஞர் பந்தை வைத்தார். வேறு ஒருவர் அடிக்கட்டும் என்பது போல விலகி நடந்தார். ஒரு பார்வை பார்த்தார். பார்சிலோனாக்காரர்கள் பந்தைக் கவனிக்கவில்லை. திரும்பி ஓடினார். அடித்தார். கோல் முன்னால் தனியாக நின்ற ஒரிகி பந்தை உள்ளே தள்ளினார். 4-0!

உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் பிரமித்து நின்றார்கள். யாரும் எகிறிக் குதிக்கவில்லை. யாரும் முட்டவில்லை. உயரத்துக்கு இங்கே என்ன வேலை? பார்த்துக்கொண்டிருந்தால் போதும், பார்க்கவில்லை!

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. 2017-ம் ஆண்டு அக்டோபரில் டெல்லியில் 17 வயதுக்கு உட்பட்டவர்களின் உலகக் கோப்பை. இந்தியப் பையன்கள் கொலம்பியாவுடன் ஆடினார்கள். 82-வது நிமிஷம் கார்னர். சஞ்சீவ் ஸ்டாலின் அடித்தார். ஜீக்சன் சிங் தலையால் முட்டினார். உலகக் கோப்பை ஆட்டங்களில் இந்தியா போட்ட முதல் கோல் அதுதான்! நாடே துள்ளியது. அடுத்த நிமிஷமே கொலம்பியா ஒரு கோலைத் திருப்பிக் கொடுத்தது. 2-1 என்று தோற்றோம். துள்ளுகிற நேரத்திலும் ஒரு கண் பந்தின் மேல் இருக்க வேண்டும்.

இப்போது கார்னர் வருவதற்குப் புது வழியும் வந்திருக்கிறது. கோல் கீப்பர் பந்தைக் கையில் 8 வினாடிக்கு மேல் வைத்திருந்தால், எதிரிக்குக் கார்னர்! இது 2025-ல் வந்த சட்டம்.

நம் பையன்களுக்கு என்ன குறை?

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்துப் பையன்களுக்கு ஒரு தனிக் குறை உண்டு. திறந்த மைதானம் சுருங்கி வருகிறது. பையன்கள் காசு சேர்த்து மணிக்கணக்கில் வாடகைக்கு "டர்ப்" பிடித்து ஆடுகிறார்கள். சுற்றிலும் வலை. கோல் சின்னது. ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டம். பந்தைத் தரையோடு தட்டித்தான் ஆட வேண்டும். அதில் கால் வேலை நன்றாக வருகிறது. ஆனால் தலைக்கு மேல் பறந்து வரும் கார்னரை அந்தப் பையன் பார்ப்பதே இல்லை. பள்ளிக்கூடப் பந்தயத்தில் பெரிய மைதானத்தில் இறங்கும்போதுதான் முதன்முதலில் பார்க்கிறான்!

பயிற்சி செய்தால் போயிற்று. வாரத்தில் அரை மணி போதும். ஆனால் யாரும் செய்வதில்லை. கோலுக்கு அடித்துப் பழக எல்லாருக்கும் ஆசை. தடுத்துப் பழக ஒருவருக்கும் ஆசை இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சி என்றதும் சின்னக் குழந்தைகளைப் பந்தை முட்ட விடாதீர்கள். அமெரிக்காவில் 10 வயது வரை உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று 2015-ல் விதி செய்தார்கள். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் முட்டு வேண்டாம் என்று 2020-ல் சொல்லிவிட்டார்கள். மூளைக்கு ஆகாது என்ற கவலைதான் காரணம்.

முட்டாமலே பழகலாம். பெரியவர் ஒருவர் மூலைப் பக்கம் நின்று லேசான பந்தைக் கையால் எறியட்டும். பிள்ளைகள் தங்கள் தங்கள் இடத்தில் நிற்கட்டும். பந்து யார் இடத்துக்கு வருகிறதோ, அவர் கையால் பிடிக்கட்டும். இடம் பார்ப்பது, ஆள் பார்ப்பது, பந்து பார்ப்பது மூன்றும் இதில் வந்துவிடும். கோல் கீப்பர் "என் பந்து!" என்று உரக்கக் கத்த வேண்டும். கத்தினால் மற்றவர்கள் விலகிவிட வேண்டும். கத்துகிறவன் எவ்வளவு சின்னப் பையனாக இருந்தாலும் சரி.

ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி எதுவானாலும் ஒன்று செய்யலாம். இருக்கிற பொது மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சரியான அளவில் இரண்டு பக்கமும் கோல் கம்பம் நடலாம். 24 அடி அகலம், 8 அடி உயரம். மூலைக்கு மூலை ஒரு கொடி. கம்பத்தை மட்டும் ஆழமாக ஊன்றிக் காரை பூசுங்கள். பையன்கள் அதில் தொங்குவார்கள்.